இவர்களும் மறப்பார்கள்

பாவ அறிக்கைக்குச் சபை முழங்காலிட்டபோது எப்சிபாவும் முழங்காலிட்டாள். வாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பெண்கள் ஞாயிறு என்பதால் ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தது வயலட் டீச்சர். ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் அவர் ஒரு வரி சொல்ல, சபை அதைத் திரும்பச் சொன்னது, நாங்கள், நாங்கள், நாங்கள் என்று. நல்ல சொல் அது. எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். கோயில் நிறைய ஜனம் சேர்ந்து நாங்கள் தப்பு செய்தோம் என்று சொல்லும்போது எவள் எதைச் செய்தாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது. வேதத்தின் மூலமான கிரேக்கத்தில் இந்தச் சொல்லே வேறு மாதிரி, அங்கே நாமும் நாங்களும் ஒன்றுதான். படகில் தண்ணீர் ஏறினபோது சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்த ஆண்டவரை உலுக்கி, சாகிறோமே என்று அலறினார்களே, அந்தச் சாவில் அவரும் சேர்த்தியா, அவர் நீங்கலாகவா என்று கிரேக்கம் வாய் திறக்காது. அதைத் தமிழில் பெயர்த்து எழுத வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை, ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும்; நாங்கள் என்று எழுதி, ஒரே பலகையில் படுத்துக் கிடந்தவரைக் கரையில் இறக்கிவிட்டார். வினையும் அப்படித்தான், செத்துப்போனோம் இல்லை, சாவோம் இல்லை, செத்துக்கொண்டே இருக்கிறோம், இப்போது, இந்த நிமிஷம், கணுக்கால் வரைக்கும் தண்ணீர், முழங்கால் வரைக்கும் தண்ணீர். ஐயோ, இதையெல்லாம் யோசிக்கிற நேரமா இது, பிள்ளை எங்கே. சட்டென்று தலை திரும்பிற்று. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் அவள் புருஷன் தேவவரம், அங்கி இல்லாமல், வெள்ளை வேட்டி சட்டையில், மடியில் பிள்ளையோடு. இந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் பெண்சாதியை ஐயரம்மா என்பார்கள். வருஷத்தில் இந்த ஒரு ஞாயிறு மட்டும் ஐயர் கீழே உட்கார, ஐயரம்மா பிரசங்க பீடத்தில் ஏறவேண்டும். உள்ளே வரும்போதே வாசலில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள், "இன்னைக்கு நம்ம ஐயருக்கு ஆயா வேலையில்லா!" என்று. பிள்ளை இருக்கிறாள். தீர்சா. அவர் சட்டைப் பித்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு இருக்கிறாள். இருக்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து இப்படித் திரும்பித் திரும்பிப் பார்ப்பது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது, பார்த்த கண்ணை எடுத்ததும் பார்த்தோமா என்று சந்தேகம், அடுப்பில் பால் வைத்தால் சந்தேகம், கிணற்றுமேட்டுக்குப் போனால் சந்தேகம், ராத்திரி பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு சுடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறது. பார்க்கிறவர்கள், சின்ன வயசில் எவ்வளவு பொறுப்பு என்று சொல்லுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது தரைக்குள் போய்விடலாம் போலிருக்கிறது.

எழுந்து உட்கார்ந்தார்கள். வேதபாடத்துக்கு முன் காணிக்கைப் பவனி. சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக வந்தார்கள். பூ, பழம், மெழுகுவர்த்தி. கடைசியில் இடுப்பில் அந்தப் பனையோலைப் பெட்டியோடு தங்கபுஷ்பம். எப்சிபா மடியில் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள், பெட்டி தானாக அவளுக்கு நேரே, பலிபீடத்துக்கு முன்னால், வந்து உட்கார்ந்துகொண்டது. கைப்பிடி அரிசிப் பெட்டி. இங்கே எந்த வீட்டிலும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள், அது கடவுளுக்கு; வியாழன்தோறும் கொண்டுவந்து வெஸ்டிரியில், அதுதான் ஐயர் அங்கி மாற்றுகிற சின்ன அறையில், இருக்கிற இந்தப் பெட்டியில் கொட்டுவார்கள். பிள்ளையைக் கிடத்துவதற்கென்றே முடைந்த மாதிரி அகலம். போன வியாழன் சாயங்காலம் குருமனையில், அதுதான் ஐயர் குடியிருக்கிற வீடு, கூடத்தில் சபைக் காரியம் பார்க்கிற சேகரக் கமிட்டி, கல்லறைத் தோட்டத்துச் சுவரை யார் இடித்தது என்று ஆளாளுக்குச் சத்தம், பிரசங்கத்துக்கு ஒரு வரி எழுத முடியவில்லை, பிள்ளையைத் தோளிலும் அகராதியைக் கையிலும் எடுத்துக்கொண்டு வெஸ்டிரிக்கு வந்துவிட்டாள். பெட்டி காலியாக இருந்தது, பழைய அரிசியை முந்தின நாள்தான் ஏலம் விட்டிருந்தார்கள். பிள்ளைக்கென்று கொண்டுவந்த பழைய சேலையை மடித்துப் போட்டு அதில் கிடத்தினாள். பிள்ளை தூங்கினாள். அவள் அகராதியைத் திறந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, திறந்தது வரைக்கும். அதற்கப்புறம் ஞாபகம் இருப்பதெல்லாம் வினைச்சொற்கள். வெளிச்சம் குறைந்து எழுத்து மங்கினபோது எழுந்தாள். வெளியே தூறல். புஸ்தகம் நனைந்துவிடக்கூடாதே என்று பிள்ளையின் பூத்துவாலையை எடுத்து அகராதியைச் சுற்றி, இடது தோளில் சாய்த்து, ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே குருமனைக்கு நடந்தாள். தட்டிக்கொண்டே. அதுதான். அந்தக் கை எதைத் தட்டுகிறது என்று அந்தக் கைக்கும் தெரியவில்லை. கதவைச் சும்மா இழுத்துவிட்டு வந்தாள், கொண்டி போடவில்லை. கோயில் வராந்தாவில் எப்போதும் நாய்கள் படுத்துக் கிடக்கும். வேண்டாம், நாயைப் பற்றி நினைக்க வேண்டாம், அதற்கு மேல் போகக்கூடாது என்று மனசுக்கு எத்தனை தடவை சொன்னாலும் அது நாயின் பின்னாலேயே அந்தக் கதவிடுக்கு வரைக்கும் போய்விட்டுத்தான் வருகிறது.

கமிட்டி முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள், தேவவரம் யாரையோ வழியனுப்பத் தெருமுனைவரை போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை எப்சிபா கேட்டாள், கேட்டு, ஆகா என்று சொன்னாள். காப்பி போட்டுக் குடித்தாள். மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள், கரண்டு போயிற்று, மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு மறுபடியும் எழுதினாள். ஒரு தாய் தன் பாலகனை மறப்பாளா என்று கேட்கிற வசனத்தைப் பற்றி, பக்கம் பக்கமாக. ஏதோ ஒன்று குறைகிறதே என்றுகூட ஒரு தடவை தோன்றவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. மறந்ததைக்கூட ஒருநாள் யாரிடமாவது சொல்லிவிடலாம், இந்தச் சந்தோஷத்தை எவரிடம் சொல்ல. அப்போதுதான் வாசலில் தங்கபுஷ்பத்தின் குரல். ஊரில் ஒரு சேதி தெரியவேண்டுமென்றால் தபாலை எதிர்பார்க்க வேண்டாம், புஷ்பம் அக்கா போதும் என்பார்கள். கணவன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில், வீட்டில் மருமகள் மட்டும். கோயிலில் முதல் ஆளாக வந்து கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பது அவள்தான், அவள் எடுக்கிற சுருதிக்கு ஆர்மோனியம் பின்னால் ஓடவேண்டும். அந்தக் குரல் இருட்டில் தணிந்து வந்தது. "ஐயரம்மா, இந்தாங்க ஒங்க மவ. கோயில்லயே காணிக்கையா வச்சிட்டு வந்துட்டீயளோன்னு நெனச்சேன்." மேசை, மெழுகுவர்த்தி, அகராதி, அதன்மேல் பூத்துவாலை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிள்ளை மட்டும் புஷ்பம் அக்காவின் தோளில். எப்சிபா சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, சிரித்தாள். "அங்கதான் இருந்தேங்க்கா, பக்கத்துல, விளக்கு எடுக்க இப்பத்தான் வந்தேன், தூங்கிட்டு இருந்தாளேன்னு" என்றாள், எழுத்து மை காயாத விரலோடு. ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பொய் வைத்துத் தைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தேவவரம் உள்ளே வந்து, "என்னக்கா, எங்க கூட்டிட்டுப் போனீங்க இவளை?" என்று கேட்டார். புஷ்பம் அக்கா ஒரு கணம் எப்சிபாவைப் பார்த்தாள். "சும்மாதான் ஐயரே, கோயிலைச் சுத்திக் காமிச்சேன்" என்றாள். போய்விட்டாள். பிள்ளைக்குத் துணி மாற்றும்போது கழுத்து மடிப்பில் அரிசிமணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ராத்திரி முழுக்கப் பிள்ளை தும்மிக்கொண்டிருந்தாள். அரிசி எப்படி வந்தது என்று எப்சிபா யோசிக்கவில்லை. பெட்டியில் எப்போதும் நாலு மணி ஒட்டிக்கிடக்கும்தானே. புஷ்பம் அக்கா ஏன் பொய் சொன்னாள் என்பதைத்தான் யோசித்தாள். எதற்காக எடுத்து வைத்திருக்கிறாள் அதை. வெள்ளிக்கிழமை தெருக்குழாயடியில் வழிமறித்து, "பாப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டாள், கண்ணை நேராகப் பார்க்காமல். குத்திக் காட்டுகிறாள் என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். சனிக்கிழமை ஊரில் ஒரு பேச்சும் இல்லை. ஞாயிறு காலையிலும் இல்லை. புஷ்பம் அக்கா ஒரு சேதியை இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது, அதுதான் பயம்.

தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். தேவவரம் அடிக்கமாட்டார், திட்டக்கூட மாட்டார். சாத்தான்குளத்திலிருந்து அவர் அம்மாவை வரவழைப்பார். வந்த மறுநாள் அகராதி, இலக்கணப் புஸ்தகங்கள் எல்லாம் பரணுக்குப் போகும். "படிச்ச புள்ள வேண்டாம் வேண்டாம்னு அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்பார் அந்த அம்மா. அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழமொழி மாதிரி அவள் பேர் நிற்கும், எபிரேயம் படித்துப் பிள்ளையைத் தொலைத்தவள் என்று. அது பொய்யும் இல்லையே, எங்கே போய் மறுக்க. கான்வென்டில் சிஸ்டர் ஒருவர் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி அதைத் துண்டுதுண்டாகக் கழற்றச் சொல்லுவார், எழுவாய் எங்கே, அதை எது தாங்குகிறது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று. மற்றப் பிள்ளைகள் கொட்டாவி விடும்போது எப்சிபாவுக்கு உடம்பு சிலிர்க்கும், கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்த மாதிரி. இறையியல் கல்லூரியில் எபிரேயத்துக்குப் பரிசு வாங்கியது அவள், தட்டுத்தடுமாறிப் பாஸானது தேவவரம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஐயரானார், அவள் ஐயரம்மா ஆனாள். இப்போது அவர் பீடத்தில் நின்று, கேளுங்கள் என்றால் ஒரு தடவை கேட்டுவிட்டு உட்காருவதில்லை, கிரேக்கத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள், தட்டிக்கொண்டே இருங்கள் என்று வருகிறது என்பார், சபை தலையாட்டும், நம்ம ஐயருக்கு மூலபாஷை தண்ணிபட்ட பாடு என்று வெளியே பேசிக்கொள்வார்கள். முந்தின ராத்திரி சோற்றுப்பாத்திரம் கழுவும்போது அதைச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கோபம் கிடையாது. இன்று காலைகூட அவர் அவள் எழுதியதை வாசித்துவிட்டு, "பிரமாதமா இருக்கு எப்சி. அடுத்த மாசம் டவுன் கோயில்ல எனக்குப் பிரசங்கம், இதை எடுத்துக்கிடட்டுமா?" என்றார். எடுத்துக்கோங்க என்றாள். கையைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதுதான் கேவலம். தீர்க்கதரிசியின் வாயால் கடவுள் சொன்னது, தாய் பிள்ளையை மறப்பாளோ, அவர்கள் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்கிற பொருளில் நம் தமிழ் வேதத்தில் இருக்கிறது. மறந்தாலும். அந்த 'ஆலும்' இருக்கிறதே, அது ஒரு மரியாதை. எங்கோ ஆயிரத்தில் ஒருத்தி, கல்நெஞ்சக்காரி, மறந்தாலும் என்று. மூலமான எபிரேயத்தில் அந்த இடத்தில் தனியாக அப்படி ஒரு சொல் இல்லை. இவர்களும் மறப்பார்கள், நானோ மறக்கமாட்டேன். அவ்வளவுதான். மறக்கக்கூடும் என்று மென்மையாகப் படிக்க இடமுண்டு, அந்த வினை அப்படி இரண்டு பக்கமும் வளையும். ஆனால் மறப்பதே இல்லை என்று படிக்க இடம் இல்லை. அப்புறம் அந்த 'அவர்கள்'. தமிழில் அவர்களுக்குள் ஆம்பிளைகளும் வந்து ஒளிந்துகொள்ளலாம், பலர்பால் என்றால் பலர்பால். அங்கே அப்படியில்லை, அங்கே வினையின் வாலிலேயே பெண்பன்மை ஒட்டியிருக்கிறது, பெண்கள் மறப்பார்கள் என்று, பெண்கள் மட்டும், விரலை நீட்டினதுபோல. பிள்ளை என்பதற்கும் அங்கே வெறும் பிள்ளை என்கிற சொல் இல்லை, பால்குடி என்கிற சொல். பால் குடிக்கிற பிள்ளையை, கட்டிய பால் நெஞ்சில் வலிக்க வலிக்க ஒருத்தி மறப்பாளா என்று கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார், ஆம் என்று. கோபமாகக்கூட இல்லை. தெரிந்துதான் சொல்லுகிறார். வெஸ்டிரியில் இதைக் கண்டுபிடித்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தோஷம், ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும் என்கிற சந்தோஷம், அந்த ஓட்டத்தில்தான் பெட்டியைத் தாண்டி நடந்தாள். இரக்கத்துக்கும் கருப்பைக்கும் அந்தப் பாஷையில் ஒரே வேர் என்று அதே வசனத்தை வைத்து எல்லாப் பிரசங்கியாரும் சொல்லுவார்கள், சபை கண்ணைத் துடைக்கும். அதை மட்டும் அவள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இன்னும் தன்னையே கேட்கவில்லை. இப்போது இந்தக் காகிதத்தோடு ஏறி, பெண்களும் மறப்பார்கள் என்று சபைக்கு இலக்கணம் சொல்லப்போகிறாள், யாரோ பெண்கள், எப்போதோ, பாபிலோனில்.

பிரசங்கத்துக்கு முந்தின கீர்த்தனை தொடங்கிற்று, என்னமோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. எடுத்தது வயலட் டீச்சர். ஏன் இவ்வளவு தாழ்வாக என்று நிமிர்ந்தபோதுதான் புரிந்தது, புஷ்பம் அக்காவின் குரல் அதில் இல்லை. பெட்டியை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகாமல் அவள் முன்பெஞ்சின் ஓரத்தில் எப்சிபாவுக்குப் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் புஸ்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள், வாய் அசையவில்லை. இதோ வந்துவிட்டது என்று எப்சிபா நினைத்தாள். "ஐயரம்மா" என்றாள் புஷ்பம் அக்கா, புஸ்தகத்துக்குப் பின்னாலிருந்து. "மேல ஏறி அதைச் சொல்லிறாதீங்கம்மா." "எதை?" "தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கழுத்துல அரிசியைப் பாத்திருப்பீய." பாட்டு இரண்டாம் அடிக்குப் போயிற்று. "கரண்டு இல்ல. பெட்டிதானேன்னு இருட்டுல அரிசிய அப்படியே கொட்டிட்டேன்மா. பூரா மூஞ்சிலயும் விழுந்துட்டு. சத்தம் கேட்டப்புறந்தான் கைய விட்டுப் பாக்கேன், புள்ள. மூக்குல ஒரு மணி ஏறி, தும்மித் தும்மித்தான் வந்துச்சு. நீங்க பக்கத்துலதான் இருந்தீயளாமே, நான் உள்ள வந்தப்ப ஒரு வார்த்தை குரல் குடுத்திருந்தா... எனக்குக் கண்ணு தெரியலன்னு என் மருமவ ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத் திரியுதா. பாப்பா மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு நீங்க மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனீய, அன்னையிலருந்து ஒரு வாய் சோறு எறங்கல. பிரசங்கத்துல வச்சுத் தாக்கிறாதீங்கம்மா, பேரு சொல்லாட்டாலும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்." இங்கே அது ஒரு பழைய பயம். ஐயர்கள் வாரம் முழுக்கக் காதில் விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் வைத்து, பேரில்லாமல், ஒருவர் தலையில் இறக்குவார்கள், அடிபட்டவர் அந்தப் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பாடா என்றது மனசு. அது அவள் காதுக்கே கேட்டது. இவளுக்குத் தெரியாது. எவளுக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தேன் என்ற பொய்யை இவள் அப்படியே விழுங்கியிருக்கிறாள், விழுங்கி, அதன்மேல் தன் பாவத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அகராதி மேசையிலேயே இருக்கலாம். மாமியார் சாத்தான்குளத்திலேயே இருக்கலாம். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, புஷ்பம் அக்காவின் கையைப் பிடித்து, பரவாயில்லைக்கா, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால் போதும், அவள் கும்பிடுவாள். இருட்டில் தெரியாமல் கொட்டினவளை, பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள் மன்னித்துவிடலாம், ஊரே மெச்சும். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பர, வரைக்கும். புஷ்பம் அக்கா புஸ்தகத்தைக் கொஞ்சம் இறக்கி அவளைப் பார்த்தாள், குழாயடியில் பார்க்காத பார்வை, ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிற பார்வை, முடி முழுக்க நரைத்த ஒரு பெண், தன்னில் பாதி வயசுள்ள ஒருத்தியின் வாயைப் பார்த்துக்கொண்டு. எப்சிபாவுக்கு அப்பாடாவின் ருசி நாக்கில் மாறிற்று. வியாழக்கிழமை மறந்தது மறதி. அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இப்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து இவளைத் தடவிக்கொடுத்தால் அது மறதி இல்லை, கண்ணைத் திறந்துகொண்டு செய்வது. இவ்வளவு நேரம் வெட்கப்பட்டதெல்லாம் வெட்கமே இல்லை போலும், மாட்டிக்கொள்வோமோ என்கிற பயத்துக்கு வெட்கம் என்று பேர் வைத்திருந்தோம் போலும். நிஜமான வெட்கம் இது, இப்போதுதான் வந்திருக்கிறது, பயமெல்லாம் நீங்கினபிறகு. பாட்டு முடிந்துவிட்டது. வயலட் டீச்சர் கண்ணைக் காட்டினார். எப்சிபா எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டோம் என்று பாதிப் படியில்தான் உறைத்தது, திரும்பிப் பார்த்தாள், புஷ்பம் அக்கா தலையைக் குனிந்துகொண்டுவிட்டாள், தோள்கள் குறுகி, அடி எப்போது விழும் என்று.

பீடத்தில் மைக்கை யாரோ உயரமாக வைத்திருந்தார்கள், அதை இறக்கினாள், அது கிரீச்சிட்டது. காகிதங்களை வைத்தாள். முதல் வரி நன்றாக இருந்தது. தேவவரம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு, பரீட்சைக்கு அனுப்பின பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த மாதத்துக்கு உதவும் என்று கேட்டுக்கொள்ளத் தயாராக. "சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பிக்க நினைத்தாள், அது வரவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம்" என்றாள், "வெஸ்டிரியில என் பிள்ளையை மறந்துட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்." வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோயிற்று. யாரோ விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. உவமை சொல்லுகிறாள் என்று சிலர் நினைத்திருக்க வேண்டும், சிரிப்பதற்கு முகத்தைத் தயாராக்கினார்கள். "உவமை இல்ல. நெசமா. கதவைக்கூட ஒழுங்கா சாத்தல. வீட்டுக்கு வந்து எழுதிட்டு இருந்தேன். அவ இல்லைன்னு எனக்குத் தெரியவே இல்ல. இருட்டுனப்புறம் புஷ்பம் அக்காதான் எடுத்துட்டு வந்தாங்க. அவங்க இல்லைன்னா..." அதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனாள். "பக்கத்துலதான் இருந்தேன்னு அவங்ககிட்டச் சொன்னேன். பொய். அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது." தேவவரத்தின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்தை அவளால் பார்க்க முடிந்தது, அதில் கோபம் இல்லை, இன்னும் வந்துசேரவில்லை. ஒரு ஆள் தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்பது மாதிரி இருந்தது. பார்க்கலாம், சாயங்காலம் வரும். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று கான்வென்டிலும் சொன்னார்கள், இங்கேயும் சொல்லுகிறார்கள். அவள் காத்துப் பார்த்தாள், இறங்கவில்லை. சொன்னபிறகு அது இன்னும் கனமாகத்தான் இருந்தது, இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். புஷ்பம் அக்கா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தில் நன்றி இருக்கும் என்று எப்சிபா எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நன்றி இல்லாதது அவளுக்கு அப்படி உறைத்திருக்காது. வெள்ளியிலிருந்து இறங்காத சோறு அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. கீர்த்தனை எடுக்கிற குரல், காலையிலிருந்து அடங்கிக் கிடந்த குரல், கோயில் முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது.

"அடிப்பாவி!"

"ஏ புஷ்பம், கோயில்ல" என்று வயலட் டீச்சர் பதறினார். பின்வரிசையில் ஒரு பெண் சிரிப்பை முந்தானையால் பொத்தினாள். புஷ்பம் அக்கா உட்காரவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எப்சிபாவும் பார்வையை எடுக்கவில்லை.

"ஆமாக்கா" என்றாள், மைக்கிலேயே.